நான்கு முறை இடிந்த மலை மடம்: மொன்டே கஸ்ஸினோ போகிறவர்களுக்கு

இத்தாலியில் இருக்கும் மொன்டே கஸ்ஸினோ என்ற கிறிஸ்தவத் துறவி மடத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: பழைய கட்டடம் பார்க்கும் ஆசையில் மட்டும் போகாதீர்கள். மலை உச்சியில் வெள்ளை வெளேரென்று நிற்கும் அந்த மடத்தின் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டியது. நம் ஊரில் பல பேரின் வீட்டுப் பத்திரம் அதைவிடப் பழையது. ஆனால் மடம் தொடங்கியது சுமார் 529-இல். இந்த இரண்டுக்கும் நடுவில் என்னவெல்லாம் நடந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் ஒரு பகல் போதாது. தெரியாமல் போனால் ஒரு மணி நேரத்தில் "சரி, பார்த்தாச்சு" என்று இறங்கிவிடுவீர்கள்.

நான் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வயது எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். அதனால் கீழே எழுதியிருப்பதில் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்குத் தேவையானவையும் இருக்கும்.

ரோமிலிருந்து தெற்கே சுமார் 130 கிலோமீட்டரில் இருக்கிறது கஸ்ஸினோ ஊர். ரோம் தெர்மினி நிலையத்திலிருந்து ஃபிரொசினோனே வழியாகப் போகும் சாதாரண பிராந்திய ரயிலில் ஏறினால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். நேப்பிள்ஸிலிருந்தும் இதே பாதையில் வரலாம். அதிவேக ரயில்களின் பாதை வேறு, அந்தப் பக்கம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சிறிய இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். குத்தாத டிக்கெட் பரிசோதகர் கண்ணில் டிக்கெட்டே இல்லை, அபராதம் விழும்.

ஊர் கீழே, மடம் மேலே சுமார் 520 மீட்டர் உயரத்தில். வளைந்து வளைந்து ஏறும் மலைப் பாதை எட்டு, ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். ஸ்டேஷனிலிருந்து மேலே போகும் பஸ் ஒரு நாளைக்குச் சில நடைகள்தான். நாங்கள் போன அன்று அடுத்த பஸ்ஸுக்கு நெடுநேரம் இருந்ததால் டாக்சி பிடித்தோம். ஏறும்போதே போக, வர, காத்திருக்க என்று மூன்றுக்கும் சேர்த்து விலை பேசிக்கொள்ளுங்கள். மேலே போனபிறகு திரும்பிவர வண்டி தேடுவது கஷ்டம். நல்ல கால் உள்ளவர்கள் ஏறும்போது வண்டியில் போய், இறங்கும்போது நடந்து வரலாம். பாதி வழியில் ரொக்கா யானுலா என்ற கோட்டையைப் பார்த்தபடி இறங்கலாம். அது பத்தாம் நூற்றாண்டில் இந்த மடத்தின் தலைவர் ஒருவர் கட்டியது. துறவிகளுக்குக் கோட்டை எதற்கு என்று அம்மா கேட்டார். அந்த மடத்தின் கதை முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில்தான்.

மடத்தை நிறுவியவர் நூர்சியாவில் பிறந்த பெனடிக்ட். நம் ஊர்க் கத்தோலிக்கர்களில் மூத்தவர்கள் ஆசீர்வாதப்பர் என்பார்கள். ரோமுக்குப் படிக்க வந்தவர், அந்த நகரத்து வாழ்க்கை பிடிக்காமல் சுபியாகோ மலையில் ஒரு குகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். அங்கே சீடர்கள் சேர்ந்து பன்னிரண்டு சிறு மடங்கள் உருவாயின. பக்கத்து ஊர்ப் பாதிரியார் ஒருவர் பொறாமையில் கொடுத்த தொல்லை தாங்காமல் தெற்கே நகர்ந்து வந்ததாகப் பாப்பரசர் பெரிய கிரகோரி எழுதி வைத்திருக்கிறார். அப்போது இந்த மலை உச்சியில் அப்பல்லோ கோயில் இருந்தது, சுற்றுவட்டார விவசாயிகள் அங்கே பலி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெனடிக்ட் சிலையை உடைத்து, கோயிலை மாற்றி, புனித மார்ட்டின் பெயரிலும் திருமுழுக்கு யோவான் பெயரிலும் வழிபாட்டு இடங்கள் அமைத்தார். இந்த இடத்தைச் சொன்னதும் அம்மாவின் முகம் சற்று மாறியது. மறைக்க வேண்டிய கதை இல்லை இது, மடமே வெளிப்படையாகச் சொல்கிறது.

இங்கேதான் அவர் தன் மடவிதிகளை எழுதினார். 73 சிறு அத்தியாயங்கள். ஐரோப்பா முழுக்க ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் துறவிகள் எப்போது எழ வேண்டும், எப்போது வயலில் வேலை செய்ய வேண்டும், எப்போது படிக்க வேண்டும் என்று முடிவு செய்த நூல் இது. படித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், அவ்வளவு நடைமுறை. பைபிளில் உள்ள 150 திருப்பாடல்களையும் ஒரு வாரத்துக்குள் பாடி முடிக்க வேண்டும் என்கிறார். இத்தாலியருக்கு ஒயின் வேண்டாம் என்று சொன்னால் நடக்காது என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது, அதனால் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளவு வைக்கிறார். வாசலில் காவலுக்கு விவரமான ஒரு முதியவரை வையுங்கள், அவர் அங்கும் இங்கும் அலையாத வயதில் இருக்க வேண்டும் என்கிறார். வருகிற விருந்தினர் எவரானாலும் கிறிஸ்துவே வந்ததாக நினைத்து வரவேற்கச் சொல்கிறார். பயணத்துக்கு முன் இந்த விதிகளைக் கொஞ்சமாவது புரட்டிப் பாருங்கள். இணையத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு இலவசமாகவே கிடைக்கிறது.

சரி, இடிந்த கதைக்கு வருவோம். பெனடிக்ட் 547 வாக்கில் இறந்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வடக்கிலிருந்து படையெடுத்த லொம்பார்டியர்கள் வந்து மடத்தை அழித்தார்கள், துறவிகள் ரோமுக்கு ஓடினார்கள். நூறு வருடத்துக்கும் மேல் பாழ். 717 வாக்கில் பெத்ரோனாக்ஸ் என்பவர் மறுபடி தொடங்கினார். 883-இல் சரசேனியர்கள் என்று அழைக்கப்பட்ட முஸ்லிம் படையினர் எரித்தார்கள், மடத்தலைவர் பெர்த்தாரியுஸும் கொல்லப்பட்டார். துறவிகள் தியானோவிலும் கப்புவாவிலும் அகதிகளாக இருந்து, பத்தாம் நூற்றாண்டின் நடுவில்தான் திரும்பினார்கள். அந்தக் கோட்டை ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். 1349-இல் நிலநடுக்கம். கடைசியாக 1944, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு.

இடையில் ஒரு பொற்காலம் இருந்தது, அதை விட்டுவிடக் கூடாது. தெசிதேரியுஸ் 1058-இல் மடத்தலைவர் ஆனார். பிற்காலத்தில் மூன்றாம் விக்டர் என்ற பெயரில் பாப்பரசரானவர் அவர்தான். ரோமிலிருந்து பழைய தூண்களும் பளிங்கும் வாங்கி, கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து மொசைக் கலைஞர்களை வரவழைத்து ஒரு பெரிய ஆலயம் எழுப்பினார். 1071-இல் அது அர்ச்சிக்கப்பட்டது, அதாவது சடங்கோடு வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே காலத்தில் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து துறவியான கான்ஸ்டன்டைன் என்பவர் அரபு மருத்துவ நூல்களை இங்கே உட்கார்ந்து லத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய மருத்துவக் கல்விக்கு அது பெரிய வாசல். ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியவற்றில் நீரோவின் ஆட்சியைச் சொல்லும் பகுதி இன்று நமக்குக் கிடைப்பதும் பதினோராம் நூற்றாண்டில் இந்த மடத்தில் எடுத்த ஒரே ஒரு பிரதியால்தான். கிறிஸ்தவர்களைப் பழித்து எழுதிய ஒருவரின் நூலைக் கிறிஸ்தவத் துறவி ஒருவர் பொறுமையாகப் படியெடுத்திருக்கிறார். மடத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். அந்தப் பிரதி இப்போது ஃபுளோரன்ஸில் இருக்கிறது, இங்கே தேடாதீர்கள்.

உள்ளே போனால் எங்கே கண் வைக்க வேண்டும்? ஆலயத்தின் நடுக் கதவை முதலில் நின்று பாருங்கள். தெசிதேரியுஸ் கான்ஸ்டான்டிநோபிளில் செய்வித்த வெண்கலக் கதவின் பலகைகள் இன்னும் அங்கே இருக்கின்றன. சாமி படம் எதுவும் தேட வேண்டாம், மடத்துக்குச் சொந்தமான ஊர்கள், நிலங்கள் ஆகியவற்றின் பட்டியலை வெள்ளி எழுத்துகளில் பதித்திருக்கிறார்கள். நம் கோயில் சுவரில் நிவந்தக் கல்வெட்டு இருப்பது போலத்தான். அம்மா அந்தக் கதவின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்.

நடு முற்றத்தில் கிணறும் அதன் இருபுறமும் பெனடிக்ட், அவருடைய சகோதரி ஸ்கொலாஸ்திகா இருவரின் சிலைகளும் உண்டு. குண்டுவீச்சில் பெனடிக்ட் சிலை தப்பித்தது, ஸ்கொலாஸ்திகா சிலை நொறுங்கிப் புதிதாகச் செய்தார்கள். சகோதரி பற்றிக் கிரகோரி சொல்லும் கதை அழகானது. வருடத்துக்கு ஒரு முறை அண்ணனும் தங்கையும் மடத்துக்கு வெளியே சந்திப்பார்கள். கடைசிச் சந்திப்பில் இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருப்போம் என்று அவள் கெஞ்ச, விதிப்படி வெளியே தங்கக் கூடாது என்று அவர் மறுக்கிறார். அவள் தலை குனிந்து செபிக்கிறாள், இடி மின்னலோடு மழை கொட்டுகிறது, அவரால் கிளம்ப முடியவில்லை. "உன்னைக் கேட்டேன், நீ கேட்கவில்லை. கடவுளைக் கேட்டேன், அவர் கேட்டுவிட்டார்" என்கிறாள். மூன்றாம் நாள் அவள் இறந்துபோகிறாள். "விதி எழுதினவருக்கே பாடம் எடுத்துட்டாளே" என்றார் அம்மா. இருவரையும் ஒரே கல்லறையில் வைத்ததாக மரபு. ஆலயத்தின் பீடத்தை ஒட்டி அந்த இடத்தைப் பார்க்கலாம். ஆனால் பிரான்சின் ஃபுளோரி மடமும் பெனடிக்டின் எலும்புகள் தங்களிடம்தான் என்று பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவருகிறது. அந்த வழக்கில் நாம் தலையிட வேண்டாம்.

பீடத்துக்குக் கீழே இருக்கும் நிலவறைக்குக் கட்டாயம் இறங்குங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பொய்ரோன் மடத்துத் துறவிக் கலைஞர்கள் செய்த மொசைக் வேலை. 1913-இல் முடிந்தது. எகிப்திய ஓவியம் போல நேர் நேராக, தங்கமும் நீலமுமாக இருக்கும், இத்தாலியில் வேறெங்கும் பார்க்கிற பாணியே இல்லை. மேலே இருந்த ஆலயம் தரைமட்டமானபோதும் இதில் பெரும்பகுதி தப்பிவிட்டது. மேல் ஆலயத்தில் பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் லூக்கா ஜொர்தானோவின் சுவரோவியங்கள் இருந்தன, எல்லாம் போயின. அவற்றின் இடத்தில் அன்னிகோனி என்ற ஓவியர் போருக்குப் பிறகு வரைந்தவை இருக்கின்றன. எனக்கு அவை மனதில் ஒட்டவில்லை. பளிங்கு வேலையும் அச்சு அசலாகப் பழையபடி செய்தது என்றாலும் ஓரங்கள் இன்னும் கூர்மையாகவே இருக்கின்றன. கால் பட்டுத் தேயவில்லை.

"ஏம்பா, இதை இப்படியே இடிஞ்சபடி விட்டிருந்தா என்ன?" என்று அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். போர் முடிந்ததும் அங்கேயும் இதைப் பேசியிருப்பார்கள். இருந்த இடத்தில், இருந்தபடியே கட்டுவது என்று முடிவாகி, மடத்தலைவர் இல்தெஃபொன்சோ ரேயாவின் காலத்தில் வேலை நடந்தது. 1964 அக்டோபர் 24 அன்று பாப்பரசர் ஆறாம் பவுல் வந்து ஆலயத்தை அர்ச்சித்தார், அன்றே பெனடிக்டை ஐரோப்பாவின் பாதுகாவலர் என்று அறிவித்தார். இடிபாடாக விட்டிருந்தால் அது போர் நினைவிடமாக ஆகியிருக்கும். துறவிகளுக்கு வேண்டியிருந்தது செபிக்க ஒரு இடம். அந்த விதத்தில் அவர்கள் செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது.

1944-இல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். ரோமுக்குப் போகும் வழியை அடைத்து ஜெர்மானியர்கள் குஸ்தாவ் கோடு என்ற தற்காப்பு வரிசையை அமைத்திருந்தார்கள். இந்த மலை அதன் பூட்டு. 1943 இலையுதிர் காலத்திலேயே ஜெர்மன் படையின் இரு அதிகாரிகள், ஷ்லேகல் என்ற ஆஸ்திரியரும் பெக்கர் என்ற மருத்துவரும், மடத்தலைவரைச் சம்மதிக்க வைத்து நூலகத்தையும் ஆவணங்களையும் லாரி லாரியாக அப்புறப்படுத்தினார்கள். நேப்பிள்ஸ் அருங்காட்சியகம் பாதுகாப்புக்காக இங்கே வைத்திருந்த ஓவியங்களும் அதில் இருந்தன. அவற்றில் சில வழியில் ஹிட்லரின் நெருங்கிய தளபதி கோரிங் கைக்குப் போய்ச் சேர்ந்து, போருக்குப் பின் ஆஸ்திரிய உப்புச் சுரங்கம் ஒன்றில் கிடைத்தன. கையெழுத்துப் பிரதிகள் பிழைத்தது அந்த லாரிகளால்தான்.

1944 பிப்ரவரியில் மலையைப் பிடிக்கும் பொறுப்பு நியூசிலாந்து ஜெனரல் ஃபிரைபர்கின் கீழ் இருந்த இந்திய 4-ஆம் டிவிஷனுக்கு வந்தது. அதன் தளபதி டக்கர், மடத்தின் சுவர்கள் எவ்வளவு கனம் என்று மேலிடத்தில் யாருக்கும் தெரியவில்லை என்பதால், நேப்பிள்ஸ் பழைய புத்தகக் கடைகளில் தேடி 1879-இல் வந்த ஒரு நூலில் விவரம் கண்டுபிடித்தார். குண்டு போட்டே ஆக வேண்டும் என்று கேட்டார். அமெரிக்க ஜெனரல் கிளார்க்குக்கு விருப்பமில்லை. பிப்ரவரி 15 காலையில் நேச நாடுகளின் 200-க்கும் மேற்பட்ட விமானங்கள் 1,100 டன்னுக்கும் மேல் குண்டு கொட்டின. அப்போது உள்ளே ஜெர்மன் படை இல்லை. தஞ்சம் புகுந்த ஊர் மக்கள்தான் இருந்தார்கள், அவர்களில் இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். எண்பதை நெருங்கிய மடத்தலைவர் தியமாரே இரண்டு நாள் கழித்து மிஞ்சியவர்களை அழைத்துக்கொண்டு இறங்கி வந்தார். அதன்பிறகு ஜெர்மன் பாராசூட் வீரர்கள் இடிபாட்டுக்குள் பதுங்கிக்கொண்டார்கள். முழுக் கட்டடத்தைவிட இடிபாடு அவர்களுக்கு வசதி.

இதில் கொடுமை, குண்டு விழுந்த அன்று இந்திய டிவிஷன் தாக்குதலுக்குத் தயாராகவே இல்லை. அடுத்தடுத்த இரவுகளில் ராயல் சஸெக்ஸ், ராஜ்புதானா ரைஃபிள்ஸ், கூர்க்காப் படைகள் முள்ளிலும் பாறையிலும் ஏறி மடிந்தன. மார்ச்சில் 9-ஆம் கூர்க்கா ரைஃபிள்ஸின் முதல் பட்டாளம் மடத்துக்குச் சற்றுக் கீழே இருந்த ஒரு மேட்டைப் பிடித்து, விமானம் போட்ட உணவை வைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்கும் மேல் தாக்குப் பிடித்தது. அந்த டிவிஷனோடு வந்த பொறியாளர் கம்பெனிகளில் மதராஸ் சாப்பர்ஸும் உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையச் சேர்ந்த படை அது. கடைசியில் மே 18 அன்று மடத்தைப் பிடித்தது ஆண்டர்ஸ் தலைமையிலான போலந்துப் படை. அதற்குச் சில நாள் முன்புதான், கீழே ஆற்றங்கரையில், பஞ்சாப் ரெஜிமென்டின் 19 வயது கமல் ராம், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கும்படியான சண்டை போட்டார்.

மடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் போலந்து வீரர்களின் கல்லறைத் தோட்டம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். 1970-இல் லண்டனில் இறந்த ஆண்டர்ஸையும் இங்கேயே கொண்டுவந்து புதைத்தார்கள். சரிவும் படிகளும் அதிகம், முழங்கால் வலிக்காரர்களை மேல் வாசலிலேயே உட்கார வைத்துவிடலாம். அங்கிருந்தே முழுவதும் தெரியும். காமன்வெல்த் கல்லறைத் தோட்டம் கீழே ஊர்ப் பக்கம், சமதளம், பெரியவர்களுக்கு எளிது. 4,200-க்கும் மேற்பட்ட கல்லறைகள், அவற்றில் இந்தியர்களுடையவையும் உண்டு. உடல் கிடைக்காதவர்கள் பெயர்களைத் தனியாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில் அந்தக் காலத்தில் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர் யாராவது இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் பெயரும் படைப்பிரிவும் போட்டு முன்கூட்டியே தேடுங்கள். எந்த வரிசை, எந்தக் கல் என்பது வரை வரும். நம் பெயர்களை எழுதிய எழுத்துக்கூட்டல் விதவிதமாக இருக்கும், அதனால் மூன்று நான்கு விதமாக அடித்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் தள்ளி கைரா என்ற இடத்தில் ஜெர்மானியர்களின் கல்லறைத் தோட்டம், 20,000-க்கும் மேல். வண்டி இருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில்லறை விஷயங்கள். மடம் திறந்திருக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், முந்தின நாள் மடத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். ஞாயிறு காலையில் திருப்பலி நேரத்தில் ஆலயத்துக்குள் சுற்றிப் பார்க்க முடியாது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், கோடையில் ஒரு துப்பட்டா பையில் இருந்தால் போதும். அம்மாவின் புடவைக்கு எங்கேயும் ஒரு கேள்வியும் வரவில்லை, கல்தளத்துக்குச் செருப்புதான் சரிப்படவில்லை. பிடிமானம் உள்ள ஷூ போட்டுவிடுங்கள். கீழே வெயில் அடித்தாலும் மேலே காற்று பிய்க்கும், ஸ்வெட்டர் தேவை. மழை மேகம் மலையை மூடிய நாளில் கீழே விரியும் லீரி பள்ளத்தாக்கு ஒன்றுமே தெரியாது, அப்படிப்பட்ட நாளானால் தள்ளிப் போடுவது நல்லது. அருங்காட்சியகத்துக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள், பழைய ஏடுகள் அங்கேதான் கண்ணில் படும்.

சாப்பாடு ஊரில்தான். மதியம் இரண்டரைக்கு மேல் பெரும்பாலான உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள், அதற்குள் இறங்கிவிட வேண்டும். சைவக்காரர்களுக்கு மரினாரா பீட்சா பத்திரமானது: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். காய்கறி சூப் என்று போட்டிருந்தாலும் இறைச்சி வேகவைத்த தண்ணீரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பர்மேசான் சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறை சேரும் என்பதால் அம்மா அதைத் தொடவில்லை.

இன்னொரு நாள் கையில் இருந்தால் சுபியாகோவுக்கும் போங்கள். பெனடிக்ட் ஒளிந்திருந்த குகையைச் சுற்றி, பாறையோடு பாறையாக ஒட்டிக் கட்டிய மடம், பதிமூன்று, பதினான்காம் நூற்றாண்டுச் சுவரோவியங்களோடு அப்படியே இருக்கிறது. பழமை தேடுகிறவர்களுக்கு அதுதான் இடம். பக்கத்தில் இருக்கும் சாந்தா ஸ்கொலாஸ்திகா மடத்தில்தான் இத்தாலியின் முதல் அச்சுக்கூடம் 1460களில் இயங்கியது. ரோமில் போன்டே மம்மொலோ மெட்ரோ நிலையத்திலிருந்து பஸ் கிடைக்கும். பஸ் ஊரோடு நின்றுவிடும், அதற்கு மேல் சுமார் மூன்று கிலோமீட்டர் ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்களோடு போனால் அங்கேயும் டாக்சிதான்.